மூன்று பிரதிகளில் துக்கம்

சம்மேளனம் துக்கத்தை ஒருநாளும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அதன் நிர்வாகிகளைக் கல்நெஞ்சுக்காரர் என்று யாரும் நினைத்தால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

முழுப்பெயர், கிராமிய உதைபந்தாட்டக் கழகங்களின் ஐக்கிய சம்மேளனம். பதினொரு கழகங்கள், இருபத்துமூன்று நிர்வாகிகள், நான்கு பந்துகள். வன்னியில் ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகிற வீதியில் ஒரு சந்தி, சந்தியில் ஒரு உரக்கடை, உரக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். வருடத்துக்கு ஒரு கிண்ணத்துக்காகப் போட்டி நடத்துவதுதான் வேலை. கிண்ணம் அமரர் ஒருவரின் ஞாபகார்த்தம். எங்கள் பக்கம் செத்தவர் பெயர் இல்லாமல் கிண்ணம் கிடையாது. கரப்பந்தாட்டம் என்றாலும் மாட்டுவண்டிச் சவாரி என்றாலும் யாராவது ஒருவர் முன்கூட்டியே செத்திருக்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் மாரி வெள்ளத்தில் ஒரு கிராமம் முழுவதும் பாடசாலையில் தங்கியிருந்தது. அன்றைக்குச் சம்மேளனம் அரையிறுதியை நடத்தி, வென்ற அணியை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, வெடி கொளுத்தி ஊர்வலம் விட்டது. ஊர்வலம் அந்தப் பாடசாலை வாசலால்தான் போனது. ஊரே காறித் துப்பியது. நியாயம்தான்.

அடுத்த வருடம் சம்மேளனம் அதற்குப் பரிகாரம் செய்தது. எங்கே யார் செத்தாலும் போட்டி ரத்து. ஏதோ ஒரு கண்டத்தில் பஸ் பள்ளத்தில் விழுந்ததா, ரத்து. பெயர் தெரியாத தீவில் எரிமலை வெடித்ததா, ரத்து. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் மாமியாருக்குச் சத்திரசிகிச்சை என்று கேள்விப்பட்டு முன்னெச்சரிக்கையாக ஒரு காலிறுதி ரத்தானது. மாமியார் சுகமாக வீட்டுக்கு வந்தபோது சம்மேளனத்தில் இரண்டு பேர் மனம் உடைந்து போனார்கள். அந்த வருடம் பதினேழு போட்டிகளில் இரண்டுதான் நடந்தன. கிண்ணம் அலுமாரியை விட்டு வெளியே வரவில்லை. அந்த முறை அலுமாரிதான் சாம்பியன் என்று சந்தியில் பகிடி விட்டார்கள்.

மூன்றாவது வருடம்தான் துயர நிகழ்வுகள் உபகுழு உருவானது. எந்தத் துயரத்துக்குப் போட்டியை நிறுத்துவது, எதற்கு நிறுத்தத் தேவையில்லை என்று அந்தக் குழு பன்னிரண்டு அமர்வுகள் கூடிப் பேசியது. செத்தவருக்காக நடத்துகிற போட்டியை இன்னொரு செத்தவருக்காக நிறுத்தலாமா, அப்படி நிறுத்தினால் முதல் செத்தவருக்கு அவமரியாதை இல்லையா என்ற ஒரு கேள்வி மட்டும் மூன்று அமர்வுகளையும் தேநீரோடு வந்த அறுபது பற்றீஸையும் சாப்பிட்டது. கடைசியில் நாற்பத்தாறு பக்கத்தில் ஒரு ஒழுங்குவிதிக் கோவை வந்தது.

கோவைப்படி துயரம் நான்கு வகுப்பு. முதலாம் வகுப்பு, சம்மேளன நிர்வாகிகளும் கழகங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர்களும். இவர்களில் ஒருவர் காலமானால் போட்டி இரண்டு வாரம் தள்ளிப்போகும். பதாகை, மலர்வளையம், இரண்டு நிமிட மௌனம் எல்லாம் உண்டு. இரண்டாம் வகுப்பு, பதிவுசெய்த வீரர்கள். போட்டி நிற்காது, கறுப்புப் பட்டியும் ஒரு நிமிட மௌனமும். மூன்றாம் வகுப்பு, வீரர்களின் இரத்த உறவுகள். பதாகை மட்டும். நான்காம் வகுப்பு பொதுமக்கள். அவர்களுக்குக் கூட்டறிக்கையில் 'ஆழ்ந்த கவலை' என்று ஒரு வரி.

சுடலைமுத்துவுக்கு இந்த வகுப்பெல்லாம் தெரியாது. முதிரையடிக்குளத்தில் இரண்டு ஏக்கர் வயலும் கொஞ்சம் கச்சான் கடலையும் செய்கிற மனிதர். பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தாயின் இடுப்பில் இருந்தபடி வன்னிக்கு வந்தவர். அவருடைய பேச்சில் பாதி மலையகம், பாதி வன்னி. ஊரின் உதயதாரகை விளையாட்டுக் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். பொதுக்கூட்டத்துக்கு வராதவர்களைத் தெரிவுசெய்வது எங்கள் கழகங்களின் வழக்கம். வந்தவர்கள் கை உயர்த்துவதற்கு வேண்டுமே. அன்றைக்குக் கச்சான் பிடுங்கப் போயிருந்த சுடலைமுத்து பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது செயலாளராகியிருந்தார். அவருக்கு உண்மையில் தெரிந்த வேலை மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது. கயிறு பிடிக்காமல் நேராகப் போடுவார்.

அந்த வருடம் உதயதாரகை முதல்முறையாக இறுதிப் போட்டிக்கு வந்தது. கழகம் தொடங்கிப் பதினான்கு வருடம். எதிரணி நாவலடிக்கண்டல் கலைவாணி. போட்டி சனிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு. வியாழக்கிழமை விடிய, வயலில் காவலுக்குப் போயிருந்த பழனியாண்டியை யானை அடித்துவிட்டது.

பழனியாண்டி கோல் காப்பாளன் வினோதனின் தகப்பன். எந்தப் போட்டி என்றாலும் கோல் கம்பத்துக்குப் பின்னால் சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவார். கத்துவது ஒரே சொல்தான்: "வலப்பக்கம்டா!" பந்து எந்தப் பக்கத்தால் வந்தாலும் வலப்பக்கம்தான். வினோதன் அதைக் கேட்டதும் இடப்பக்கம் பாய்வான். எப்படியோ பந்தும் இடப்பக்கம்தான் வரும். இப்படித்தான் உதயதாரகை இறுதிப் போட்டி வரை வந்தது. அந்த மனிதர் இல்லை என்ற செய்தி கேட்டு ஊரில் அடுப்பு எரியவில்லை. எனக்கும் அவரைப் பிடிக்கும்.

பிரேதம் ஆஸ்பத்திரியில். மரண விசாரணை முடிந்து வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் வரும் என்றார்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகுதான் எடுக்கலாம். கொள்ளி வைக்க வேண்டியவன் வினோதன். பெட்டி தூக்க வேண்டியவர்கள் மற்றப் பத்துப் பேரும். மைதானத்துக்கு வராத அணி தோற்ற அணி என்பது விதி. ஆகவே சுடலைமுத்து பத்து மணி பஸ்ஸில் சம்மேளனத்துக்குப் போனார். ஒரு கிழமை தள்ளி வையுங்கள் என்று கேட்டால் முடிந்தது என்பது அவருடைய எண்ணம்.

மேல்மாடியில் உபகுழுவின் செயலாளர் யோகநாதன் இருந்தார். சுடலைமுத்து நின்றுகொண்டே சொன்னார்.

"ஐயா, எங்க கோலி வினோதனோட அப்பா செத்துட்டாருங்க. யானை அடிச்சிருச்சு. சனிக்கிழமை எடுக்கிறோம். போட்டிய ஒரு கிழமை தள்ளி வச்சீங்கன்னா..."

யோகநாதன் பேனையைக் கீழே வைத்தார். அவருடைய முகம் வாடியது. வாடிய முகத்துடனேயே மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"மூண்டு பிரதி வேணும். நீங்கள் சொல்லுங்கோ, நான் நிரப்பிறன். யானையால வந்த மரணம் இயற்கை அனர்த்தமோ, விபத்தோ, வன்செயலோ?"

"யானைங்க."

"அது விளங்குது. புள்ளடி போட இதில மூண்டு கூடுதான் இருக்கு."

சுடலைமுத்து யோசித்தார். யானையின் மனதில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. யோகநாதனே பெருந்தன்மையாக விபத்து என்று புள்ளடி போட்டார்.

"காலஞ்சென்றவர் பதிவுசெய்த வீரரோ?"

"வீரர் இல்லைங்க. கோலுக்குப் பின்னால நிக்கிறவரு."

"பந்து பொறுக்கிறவரோ?"

"இல்லைங்க. சத்தம் போடுறவரு."

"சத்தம் போடுறவருக்குக் கூடு இல்லை. இரத்த உறவு எண்டு போடுறன். அப்ப மூண்டாம் வகுப்பு." யோகநாதன் எழுந்து கோவையை விரித்துக் காட்டினார். "இஞ்சை பாருங்கோ, ஒத்திவைப்பு இல்லை. முதலாம் வகுப்பு எண்டாலும் விண்ணப்பம் போட்டிக்கு ஏழு நாளுக்கு முந்தி வந்திருக்கவேணும்."

"ஏழு நாளைக்கு முந்தி அவரு உயிரோட இருந்தாருங்களே."

"அதைத்தான் நானும் சொல்லுறன். அந்த நேரத்தில வந்திருந்தா ஏதாவது செய்திருக்கலாம்."

சுடலைமுத்து வேறு வழியால் கேட்டுப் பார்த்தார். எதிரணிக்கும் விளையாட விருப்பமில்லை என்று சொன்னார். அது உண்மை. கலைவாணியின் தலைவன் ரஜிதன் காலையிலேயே தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணை, சனிக்கிழமை நாங்களும் செத்தவீட்டுக்கு வாறம், மைதானத்துக்கு வரமாட்டம்" என்று சொல்லியிருந்தான். இதைக் கேட்டதும் யோகநாதன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இதை வெளியில சொல்லிப்போடாதேங்கோ. ரெண்டு அணியும் முன்கூட்டியே கதைச்சு ஒரு முடிவுக்கு வாறதுக்குப் பேர் ஆட்ட நிர்ணயம். ரெண்டு கழகத்தையும் மூண்டு வருசத்துக்குத் தடை செய்யலாம். நான் இதைக் கேக்கேல்லை."

ஆனாலும் பதாகை உண்டு என்று ஆறுதல் சொன்னார். பதாகை விஷயத்தில் சம்மேளனம் ஒருநாளும் குறை வைத்ததில்லை. படிவத்தில் இரண்டு படம் ஒட்ட வேண்டும், ஒன்று விண்ணப்பதாரியின் படம், மற்றது காலஞ்சென்றவரின் படம். அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிஞ்சிய சொந்தப் படம் ஒன்று சுடலைமுத்துவின் பையில் இருந்தது, அதை ஒட்டினார். பழனியாண்டிக்குத் தனிப்படம் கிடையாது. கழகத்தின் எல்லாப் படத்திலும் ஓரமாக, வாயைத் திறந்தபடி, பாதி மறைந்து நிற்பார். நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று சுடலைமுத்து சொன்னார். யோகநாதன் படிவத்தைத் தன் கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பதாகை அடிக்கிறவருக்கு அனுப்பினார்.

பதாகை அடிக்கிறவர் பழுத்த அனுபவசாலி. படிவத்தில் முதலாவதாக இருந்த பெயரையும், ஒட்டியிருந்த ஒரேயொரு படத்தையும் எடுத்து வேலையை முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை செத்தவீட்டுக்கு வெள்ளைத்துணியும் தேயிலையும் சீனியும் வாங்கச் சந்திக்கு வந்த சுடலைமுத்து, உரக்கடைக்கு முன்னால் தன்னுடைய முகத்தைக் கண்டார். கண்ணீர் அஞ்சலி. உதயதாரகை விளையாட்டுக் கழகத்தின் செயலாளர், மண்ணின் மைந்தன், அமரர் சுடலைமுத்து. முகம் ஒரு தோசையளவு. அதைச் சுற்றி இருபத்துமூன்று நிர்வாகிகளும் அதைவிடப் பெரிய அளவில் கைகூப்பி நின்றார்கள். சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அது வேறு ஏதோ விழாவில் எடுத்த படம். தூரத்திலிருந்து பார்த்தால் யார் செத்தது என்று பிடிபடாது.

மீன் வியாபாரி அவரைக் கண்டு தராசைப் போட்டுவிட்டு ஓடினார். சுடலைமுத்து சைக்கிளைத் திருப்பி வீட்டுக்கு வந்தால், அங்கே பக்கத்து ஊர்ப் பெண்கள் ஆறு பேர் அவருடைய மனைவி மீனம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். மீனம்மா மா இடித்த கையோடு நடுவில் நின்றாள்.

"நான் சொல்லுறேன், இப்பதான் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாருன்னு. நம்ப மாட்டேங்கிறாங்க" என்றாள் அவள். கணவனைக் கண்டதும் கோபம் வந்தது. "உயிரோட இருக்கையில ஒரு கதிரை போட்டு உக்காருன்னு சொல்லாதவங்க, இப்ப ரோட்டில படம் வச்சிருக்காங்களாம். போய் என்னான்னு கேட்டுட்டு வாங்க."

இதற்கிடையில் சம்மேளனத்தில் காரியங்கள் நடந்துவிட்டன. தலைவர் தில்லைநாதன், ஓய்வுபெற்ற பாடசாலை உப அதிபர், காலையில் மோட்டார் சைக்கிளில் வந்தபோது பதாகையைப் பார்த்துத் திடுக்கிட்டார். அங்கத்துவக் கழகமொன்றின் செயலாளர் காலமாகிவிட்டார்! முதலாம் வகுப்பு! அவர் படியேறும்போதே அவசரக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார். அரைமணி நேரத்தில் பதினைந்து பேர் கூடினார்கள். இறுதிப் போட்டியை இரண்டு வாரம் ஒத்திவைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தலைவரே கூட்டிய கூட்டம் என்பதால் ஏழு நாள் விண்ணப்பம் தேவைப்படவில்லை. யோகநாதனுக்கு விஷயம் தெரியும். ஆனால் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குறுக்கிடுவது முறையல்ல என்று அவர் தீர்மானத்தை வழிமொழிந்தார்.

சுடலைமுத்து மாடிக்கு ஏறி வந்தபோது கூட்டறிக்கையில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, நான் சாகலைங்க" என்றார்.

தில்லைநாதன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு யோகநாதனைப் பார்த்தார். யோகநாதன் கோவையைப் பார்த்தார்.

"ஓம், தெரியுது" என்றார் தில்லைநாதன் கடைசியில். "ஆனா தீர்மானம் நிறைவேறியிட்டுது. பதினைஞ்சு பேர் கையெழுத்து வச்சிட்டம். நான் தனிப்பட்ட முறையில உங்களை நம்பிறன். சம்மேளனமா நம்பேலாது."

"அப்ப என்னங்க செய்யிறது?"

"நீங்கள் உயிரோட இருக்கிறதை அடுத்த பொதுக்கூட்டத்தில ஒரு விடயமா எடுக்கலாம். அதுக்குப் பதினாலு நாள் அறிவித்தல் வேணும். யாரும் ஆட்சேபிக்காட்டி ஏற்றுக்கொள்ளுவம்."

யோகநாதன் மெல்ல இருமினார். "இன்னொரு வழியும் இருக்கு சேர். நாப்பதாம் பக்கம். காலஞ்சென்றவரே நேரில வந்து எழுத்தில மறுத்தா, தீர்மானத்தை உடன ரத்துச் செய்யலாம்."

இந்த விதியை எழுதியபோது உபகுழு என்ன நினைத்திருந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் விதி இருந்தது. தில்லைநாதனின் முகம் மலர்ந்தது. ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் சுடலைமுத்துவுக்கு முன்னால் வந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த அலுவலகத்தில் அவருக்கு ஒரு கதிரையும் போடப்பட்டது.

"'நான் உயிரோடு இருக்கிறேன்' எண்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வையுங்கோ. அவ்வளவு காணும். எல்லாம் பழையபடி வந்திடும்."

சுடலைமுத்து பேனையை எடுத்தார். 'நான்' என்று எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"எல்லாம் பழையபடின்னா, போட்டிங்க?"

"ஒத்திவைக்கக் காரணம் இல்லையெல்லோ. நாளைக்கு மூண்டரைக்கு நடக்கும்."

சுடலைமுத்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு மூன்றரைக்குப் பெட்டி சுடலைக்குப் போகிற வழியில் இருக்கும். அவர் உயிரோடு இருந்தால் வினோதன் ஒன்றில் தகப்பனை விட வேண்டும், அல்லது பதினான்கு வருடம் காத்திருந்த இறுதிப் போட்டியை விட வேண்டும். அவர் செத்திருந்தால் இரண்டையும் விடத் தேவையில்லை. கணக்கு அவ்வளவுதான். அந்தப் பதினைந்து பேரில் நிறையப் படித்தவர்கள் ஆறு பேர் இருந்தார்கள்; ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"பரவாயில்லைங்க ஐயா. நான் செத்தாப்பலயே இருந்திட்டுப் போறேன்."

தில்லைநாதன் எழுந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தார்.

சனிக்கிழமை பழனியாண்டியை எடுத்தார்கள். உதயதாரகைப் பொடியள் சிவப்பு உடுப்போடு ஒரு பக்கம், கலைவாணிப் பொடியள் நீல உடுப்போடு மறுபக்கம் நின்று பெட்டியைத் தூக்கினார்கள். ரஜிதன் முன்னுக்குத் தோள் கொடுத்தான். பழனியாண்டியின் மனைவி வீரம்மா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் விழுந்து அழுதாள். மைதானத்தருகே வந்தபோது யாரும் சொல்லாமலே பெட்டி கொஞ்சம் நின்று போனது. அந்த இடத்தில் அழாதவர்கள் இல்லை. இறந்தவரான சுடலைமுத்து கூட்டத்தோடு நடந்து போய் விறகு அடுக்கினார்.

அதே நேரத்தில் சம்மேளனத்தின் வான் வண்டி ஊருக்குள் வந்தது. முதலாம் வகுப்புத் துயரத்துக்கு வீடு தேடிப் போய் மலர்வளையம் வைக்க வேண்டும். ஊரே செத்தவீட்டில் இருந்தபடியால் சுடலைமுத்துவின் வீட்டில் ஒரு ஆடும் இரண்டு கோழியும்தான் நின்றன. நிர்வாகிகள் எட்டுப் பேரும் பூட்டிய படலைக்கு முன்னால் தலைகுனிந்து நின்று படமெடுத்துக்கொண்டு, மலர்வளையத்தைப் படலையில் கொழுவிவிட்டுப் போனார்கள். போகிற வழியில் பறைச் சத்தம் கேட்டு, "ஆரோ செத்திட்டினம் போல கிடக்கு" என்று தில்லைநாதன் சொன்னதாக வான் சாரதி பிறகு சொன்னான். மலர்வளையத்தை ஆடு தின்றது.

அதன்பின் இரண்டு வாரம் சுடலைமுத்து சம்மேளனத்தின் கண்ணில் செத்தவராகவே வாழ்ந்தார். சின்னச் சின்ன வில்லங்கங்கள் இருந்தன. போட்டிக்கான வீரர் பட்டியலில் அவர் வைத்த கையெழுத்தைச் சம்மேளனம் திருப்பி அனுப்பியது, அமரர்கள் கையெழுத்திட முடியாது என்று. புதுச் செயலாளர் தெரிவாகும் வரை கழகம் இடைக்காலமாக இயங்கலாம் என்று அனுமதிக் கடிதம் வந்தது. கடிதம் செயலாளர் சுடலைமுத்துவின் பெயருக்கே வந்தது.

இறுதிப் போட்டி நாளும் வந்தது. யார் வென்றது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், கலைவாணி, இரண்டுக்கு ஒன்று. வினோதன் இரண்டாவது பந்துக்கு எந்தப் பக்கமும் பாயவில்லை. நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது 'வலப்பக்கம்' என்று கத்தியிருந்தால் இடப்பக்கம் பாய்ந்திருப்பான். அதற்காக அவனை ஊரில் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது போட்டிக்கு முன்னால் நடந்தது. சுண்ணாம்புக் கோடு போட வேறு ஆள் இல்லாததால் சுடலைமுத்துதான் போட்டார். அமரரை மைதானத்துக்குள் விடலாமா என்று யோகநாதன் கேட்டதற்கு, கோடு போடுகிறவருக்குப் பதிவு இல்லை, ஆகவே அது யாராகவும் இருக்கலாம் என்று தில்லைநாதன் தீர்த்துவைத்தார். எல்லாக் கோடும் போட்ட பிறகு வாளியில் கொஞ்சம் சுண்ணாம்பு மிஞ்சியது. சுடலைமுத்து வினோதனின் கோலுக்குப் பின்னால் போய், ஒரு சைக்கிளும் ஒரு மனிதனும் நிற்கிற அளவுக்குச் சின்னதாக ஒரு பெட்டி கீறினார்.

மத்தியஸ்தர் வந்து பார்த்தார். "இது என்ன கோடு அண்ணை? விதியில இப்பிடி இல்லையே."

"பழனியாண்டி நிக்கிற இடங்க" என்றார் சுடலைமுத்து. "பந்து இதுக்குள்ள போனா அவுட்டுதான்."

எப்படியும் அது அவுட்டுதான் என்பதால் மத்தியஸ்தர் ஆட்சேபிக்கவில்லை.

தில்லைநாதன் ஒலிவாங்கியைப் பிடித்தார். "அமரர் சுடலைமுத்து அவர்களை நான் நேரடியாக அறிவேன். காலமான பின்பும் ஒருமுறை என்னை வந்து சந்தித்தவர். சம்மேளனத்தின் தீர்மானத்தைத் தன்னுடைய உயிரைவிடப் பெரிதாக மதித்தவர். இப்படிப்பட்டவர்கள் எங்கள் கண் முன்னால் நடமாடும்போது நாங்கள் அவர்களைக் கவனிப்பதில்லை. போன பிறகுதான் தேடுகிறோம்." அப்போது சுடலைமுத்து மேடைக்கு முன்னால் வாளியோடு போனார். தலைவரின் காலடியில் வயர் கிடந்தது. அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போனார். "துயரம் என்பது சின்ன விஷயமல்ல. யாரும் நினைத்த நேரம் துயரப்பட்டால் போட்டிகளை நடத்த முடியாது. ஆகவேதான் நாங்கள் அதை நாலு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறோம். இப்போது அன்னாருக்காக இரண்டு நிமிடம் மௌனம்."

சுடலைமுத்து மேடையருகே நின்று மெதுவாகச் சொன்னார். "ஐயா, என்னோட ரெண்டு நிமிசம் எனக்கு வேணாங்க. அத அவருக்குக் குடுத்திருங்க, பழனியாண்டிக்கு."

"மௌனத்தைக் கைமாற்ற ஏலாது" என்றார் யோகநாதன், தலை குனிந்தபடி. "அசையாம நில்லுங்கோ. உங்களுக்குத்தான் நடக்குது."

விசில் ஊதியது. நிர்வாகிகள் மேடையில் எழுந்து தலைகுனிந்தார்கள். மைதானத்தின் நடுவில் இரண்டு அணியும் மேடையைப் பார்த்து வரிசையாக நின்றன. முதலில் திரும்பியவன் வினோதன். மேடைக்கு முதுகைக் காட்டி, தன்னுடைய கோலுக்குப் பின்னால் இருந்த சின்னச் சுண்ணாம்புப் பெட்டியைப் பார்த்து நின்றான். பிறகு ரஜிதன் திரும்பினான். பிறகு ஒவ்வொருவராக, சிவப்பும் நீலமும், இருபத்திரண்டு பேரும். கரையில் நின்ற சனமும் திரும்பியது. சனத்துக்குள் நின்ற வீரம்மாவின் கையை மீனம்மா பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நிமிடம் முடிந்தது. மத்தியஸ்தர் விசில் ஊதினார். யாரும் அசையவில்லை. இன்னொரு முறை ஊதினார். மேடையில் நிமிர்ந்த தலைகள் ஒன்றையொன்று பார்த்துவிட்டு மறுபடி குனிந்தன. மூன்று நிமிடமானது, நாலானது. மத்தியஸ்தர் விசிலைப் பைக்குள் போட்டுவிட்டுத் தானும் திரும்பி நின்றார். சுடலைமுத்து வாளியைக் கீழே வைத்தார்.

தில்லைநாதன் குனிந்த தலையை நிமிர்த்தாமலே யோகநாதனின் பக்கம் சாய்ந்தார்.

"இது எத்தினையாம் வகுப்பு?"

யோகநாதன் சத்தம் வராமல் கோவையைப் புரட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினார். பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.